ஒரே அளவில் எடுத்த படங்கள்: வில்லியம் கிரிக்ஸும் இந்தியக் கலையின் அச்சுப்படிகளும்

1867ஆம் ஆண்டு சனவரி மாதம். லண்டன் வைட்ஹால் பகுதியில் ஃபைஃப் மாளிகை என்றொரு கட்டடம் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய அருங்காட்சியகம் அப்போது அங்கேதான் தற்காலிகமாகக் குடியேறியிருந்தது. அம்மாளிகையின் குதிரைவண்டிக் கொட்டகையில் கற்பலகைகள் பல குவிந்து கிடப்பதைக் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் பெர்குசன் கண்டார். பாரிஸ் நகரில் அவ்வாண்டு நடைபெறவிருந்த உலகக் கண்காட்சிக்காக இந்தியக் கட்டடங்களின் புகைப்படங்களைத் திரட்டிக்கொண்டிருந்தவர் அவர். கொட்டகையில் கிடந்தவை அமராவதி பௌத்தத் தூபியின் சிற்பங்கள்.

அக்கற்கள் அங்கு வந்து சேர்ந்த கதை நெடியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாசிரெட்டி வேங்கடாத்ரி நாயுடு என்னும் சமீன்தார் கிருஷ்ணைக் கரையில் புதிய ஊர் ஒன்றை நிறுவியபோது, அருகிலிருந்த மேடு கட்டுமானக் கல்லுக்காகத் தோண்டப்பட்டது. 1797இல் காலின் மெக்கன்சி அதைப் பார்த்தார். சுமார் இருபது ஆண்டுகள் கழித்து மீண்டும் வந்து, எஞ்சிய சிற்பங்களைத் தம் வரைவாளர்களைக் கொண்டு படமாக்கினார். 1845இல் வால்டர் எலியட் தோண்டியெடுத்த பலகைகள் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டுத் திறந்தவெளியில் வெயிலிலும் மழையிலும் பல்லாண்டு கிடந்தன. 1858இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான லின்னேயஸ் டிரைப் அவற்றைச் சென்னை அருங்காட்சியகத்திலேயே படமெடுத்தார். அடுத்த ஆண்டே 121 துண்டுகள் கப்பலேறின. லண்டனில் அவற்றை வைக்க இடமில்லை; எனவே கொட்டகை.

இங்கேதான் ஒரு தொழிலாளி காட்சிக்குள் வருகிறார். அருங்காட்சியகத்தின் தொழில்நுட்ப உதவியாளர் வில்லியம் கிரிக்ஸ் ஒவ்வொரு பலகையையும் ஒரே அளவுவிகிதத்தில் படமெடுத்தார். இந்த ‘ஒரே அளவு’ என்பதை எளிதாகக் கடந்துசென்றுவிடக் கூடாது. தூக்கவும் நகர்த்தவும் பல ஆட்கள் தேவைப்படும் கற்பலகைகள், ஒரே விகிதத்தில் தாளில் இறங்கியவுடன் எடையற்றவையாகின்றன. மேசைமீது பரப்பலாம், ஒன்றின் விளிம்பை மற்றொன்றின் விளிம்போடு பொருத்தலாம், பொருந்தாவிட்டால் எடுத்து வேறிடத்தில் வைக்கலாம். பெர்குசன் அதைத்தான் செய்தார். கிரிக்ஸின் படங்களை ஒருபுறமும் மெக்கன்சியின் பழைய வரைபடங்களை மறுபுறமும் வைத்துக்கொண்டு, வெளிச்சுற்று வேலி எது, உட்சுற்று எது, தூண் எது, குறுக்குப்பலகை எது என்று பல மாதங்கள் பொருத்திப் பார்த்தார். இடிக்கப்பட்ட தூபி, மண்ணில் அல்லாமல், தாளின்மேல் மீண்டும் எழுந்தது. 1868இல் வெளிவந்த அவரது ‘மர வழிபாடும் நாக வழிபாடும்’ என்னும் பெருநூல் இந்தப் பணியின் விளைவு.

அந்நூலைப் பற்றிப் பேசும் எவரும் பெர்குசனைப் பற்றிப் பேசுவர். கிரிக்ஸைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்தியக் கலை குறித்து லண்டனில் வெளிவந்த பெரும் படநூல்கள் பலவற்றின் பின்னால் இருந்தவர் இவரே. பின்னாளில் சொந்த அச்சகம் நடத்தி, தாமே பதிப்பாளராகவும் ஆனவர்.

கிரிக்ஸ் 1832இல் பெட்ஃபோர்ட்ஷயரின் வோபர்ன் ஊரில், பெட்ஃபோர்ட் கோமகனின் வாயிற்காவலர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். 12 வயதில் தச்சுவேலை கற்கச் சேர்க்கப்பட்டார். 18ஆம் வயதில் லண்டனுக்கு வந்து, 1851ஆம் ஆண்டின் பெருங்கண்காட்சியில் இந்தியப் பிரிவின் கைவினைஞராக வேலை பார்த்தார். இரவு வகுப்புகளில் படித்தார். 1855இல் கம்பெனியின் அருங்காட்சியகத்தில் இடம் கிடைத்தது. 1858இல் அதன் பொறுப்புக்கு வந்த ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன், இந்த இளைஞரின் புகைப்பட ஆர்வத்தைக் கண்டு, ஃபைஃப் மாளிகையில் அவருக்கென ஒரு படப்பிடிப்புக்கூடத்தையும் பட்டறையையும் அமைத்துக்கொடுத்தார். தச்சரின் கை என்பது இங்கு வெறும் வாழ்க்கைக் குறிப்பு அன்று. அவர் பின்னர் செய்தவை அனைத்தும் பட்டறை மேசையில் கண்டறியப்பட்டவை.

அன்றைய பதிப்பாளர்களுக்கிருந்த சிக்கலை விளங்கிக்கொண்டால்தான் கிரிக்ஸின் பங்கு புலப்படும். கலைப்பொருளைப் படமெடுப்பது எளிது. அந்தப் படத்தைப் புத்தகத்துக்குள் கொண்டுவருவதே கடினம். 1848இல் வில்லியம் ஸ்டெர்லிங் ஸ்பெயின் ஓவியர் வரலாற்றுக்குத் துணையாக ஒரு படத்தொகுதி வெளியிட்டார். கலைப்படைப்புகளைப் புகைப்படங்களால் காட்டிய முதல் நூலாக அது கருதப்படுகிறது. அதில் 66 படங்கள். அச்சானது 50 படிகள் மட்டுமே. ஒவ்வொரு படமும் தனித்தனியே வெயிலில் எடுக்கப்பட்டு, தாளில் கையால் ஒட்டப்பட்டது. அவற்றுள் பல வெளிறிப்போயின. வெள்ளி உப்பை நம்பிய புகைப்படத்துக்கு ஆயுள் உறுதியில்லை. மையை நம்பிய அச்சுக்கோ நூற்றாண்டுகளின் ஆயுள் உண்டு. ஆக, ஒளி வரைந்த உருவத்தை மையாக மாற்றுவது எப்படி என்பதே கேள்வி.

இதற்கு ஒரு விடையை, 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில், சவுத்தாம்ப்டனிலிருந்த நில அளவைத் துறையின் தலைவர் ஹென்றி ஜேம்ஸ் முன்வைத்தார். பைக்ரோமேட் கலந்த ஜெலட்டின் பூசிய தாளை நெகட்டிவின் கீழ் வைத்து ஒளியில் காட்டினால், ஒளி பட்ட இடம் இறுகிவிடும். படாத இடம் நீரில் கரையும். அத்தாளில் எண்ணெய் மையைத் தடவிக் கழுவினால், இறுகிய கோடுகளில் மட்டும் மை நிற்கும். அதைத் துத்தநாகத் தகட்டிலோ கல்லிலோ அழுத்தி மாற்றிவிட்டால், அப்புறம் வேண்டிய அளவு அச்சிட்டுக்கொள்ளலாம். வரைபடங்களைப் பெருக்குவதற்காக எழுந்த முறை இது. கிரிக்ஸ் இதைக் கற்றுக்கொண்டு ஒரு சிறு மாற்றம் செய்தார்: வெந்நீருக்குப் பதில் தண்ணீரில் கழுவினார். வெந்நீர் வெள்ளைப் பகுதிகளிலிருந்த ஜெலட்டினை முழுவதும் கரைத்துவிடும். குளிர்ந்த நீர் அதை விட்டுவைக்கும். அந்த எஞ்சிய ஜெலட்டின் தாளைக் கல்லோடு உறுதியாகப் பிடித்துக்கொண்டது. மெல்லிய கோடுகளுக்கு இருபுறமும் அணைபோல் நின்றது. நுண்கோடுகள் சிதையாமல் கல்லில் இறங்கின. நீரின் வெப்பத்தை மாற்றியது மட்டுமே இக்கண்டுபிடிப்பு.

வண்ணத்தில் அவர் செய்தது இதைவிடப் பெரிது. மூலப்பொருளின் படத்தை முதலில் மங்கலாகத் தாளில் அச்சிடுவார். அது வழிகாட்டிக் கோடு. பின்னர் ஒரே நெகட்டிவின் பல நகல்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்துக்கு உரிய பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை வார்னிஷால் மறைப்பார். ஒவ்வொரு நகலும் ஒரு கல்லாகும்; ஒவ்வொரு கல்லும் ஒரு நிறத்தை ஏந்தும்; எல்லாம் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்றாக விழ வேண்டும். பின்னர் செலவைக் குறைக்க, முதற்படத்தின்மேல் ஒளிபுகும் மெல்லிய வண்ணங்களை ஏற்றும் எளிய முறையையும் வகுத்தார். ‘இயந்திரப் படியாக்கம்’ என்ற சொற்றொடரைத் தயக்கமின்றிக் கையாளும் ஆய்வுகள் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். எந்தப் பகுதி சிவப்பு, எது அரக்கு, எல்லை எங்கே என்பதைத் தீர்மானித்தது லென்ஸ் அன்று. தூரிகையால் வார்னிஷ் தடவியவரின் கண். ஒரு காசுமீரச் சால்வையின் நிறமென்று இன்று அச்சுப்பக்கத்தில் காணப்படுவது, லண்டன் பட்டறை ஒன்றில் எடுக்கப்பட்ட பல முடிவுகளின் கூட்டுத்தொகை.

இம்முறைகளுக்கு அவர் காப்புரிமை கோரவில்லை. 1868 ஏப்ரலில் லண்டன் புகைப்படக் கழகத்தின் முன் எல்லாவற்றையும் விளக்கிச் செய்தும் காட்டினார். அதே ஆண்டு பெக்கம் பகுதியில் தம் வீட்டிலேயே அச்சுக்கூடம் தொடங்கினார்.

அவருக்கு முதலில் பெயர் வாங்கித்தந்தது, ஃபோர்ப்ஸ் வாட்சனின் இந்தியத் துணிகளும் மக்கள் உடைகளும் பற்றிய 1866ஆம் ஆண்டு நூலுக்கு அவர் ஆக்கிய வண்ணப்படங்கள். இந்நூலுக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் படியாக்கம் என்பதன் முழுப்பொருள் தெரியும். அருங்காட்சியகத்தில் இருந்த துணிகளையே வெட்டி, 700 மாதிரிகளாக்கி, 18 தொகுதிகளில் ஒட்டி, 20 அடுக்குகள் உருவாக்கப்பட்டன. தலைப்பாகை, வேட்டி, சேலை, மஸ்லின் என ஒவ்வொன்றும் எண்ணிடப்பட்டது. நீளம், அகலம், எடை குறிக்கப்பட்டன. 13 அடுக்குகள் பிரித்தானிய நகரங்களுக்கும் 7 இந்தியாவுக்கும் ஒதுக்கப்பட்டன. நோக்கம் மறைக்கப்படவில்லை: இந்தியர் என்ன உடுத்துகிறார்கள் என்பதை மான்செஸ்டர் முதலிய நகரங்களின் ஆலைக்காரர்கள் அறிந்து, அதற்கேற்ப நெய்து இந்தியாவிலேயே விற்க வேண்டும். சிற்பத்தைப் படியெடுக்கும்போது மூலம் அப்படியே இருந்தது. துணியைப் படியெடுக்கும்போது மூலமே வெட்டப்பட்டது. கையால் தொட்டு இழையை எண்ண வேண்டிய வணிகருக்குப் படம் போதாது. பார்த்து அறிந்துகொள்ளும் வாசகருக்குப் படம் போதும். ஒரே அலுவலகம், ஒரே ஆண்டு, இருவேறு வாசகர், இருவேறு படியாக்கம்.

எழுத்தைப் படியெடுத்தபோது வேறொரு கேள்வி எழுந்தது. பதஞ்சலியின் மகாபாஷ்யச் சுவடியை, தியோடர் கோல்ட்ஸ்டுக்கரின் மேற்பார்வையில், கிரிக்ஸ் 1870களின் தொடக்கத்தில் ஒளிக்கல்லச்சில் பெயர்த்தார். 4674 பக்கங்கள், 50 படிகள். கையால் படியெடுப்பதற்குப் போட்ட மதிப்பீட்டைவிட 6000 பவுன் குறைவாக வேலை முடிந்தது. படியெடுப்போர் கைப்பிழை என்ற, ஏட்டுச்சுவடி ஆய்வாளர் அனைவரும் அஞ்சும் ஒன்று, இங்கே நீங்கிவிட்டது. ஆனால் ஒளி நீக்கியது புதிய பிழையை மட்டுமே. சுவடியிலிருந்த பழைய பிழைகள் கூர்மை குன்றாமல் 50 மடங்காயின. ஒரு சாட்சியை மட்டும் மிகத் துல்லியமாகப் பெருக்குவது அச்சாட்சிக்கு உரியதினும் அதிகமான நம்பகத்தைத் தந்துவிடும். பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்து ஃபிரான்ஸ் கீல்ஹார்ன் பம்பாயில் 1880 முதல் 1885 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பதிப்பே பின்னர் அறிஞர் உலகின் அடிப்படை நூலாயிற்று. படியெடுப்பது வேறு, பதிப்பது வேறு. உ. வே. சாமிநாதையரின் பதிப்புகளைப் பயின்றோருக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை. 1880களில் ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பழைய நான்மடிப்பு அச்சுகளை ஃபர்னிவல் மேற்பார்வையில் கிரிக்ஸும் சார்லஸ் பிரிட்டோரியஸும் 43 தொகுதிகளாகப் பெயர்த்தபோதும் இதே வேறுபாடு நின்றது; அவை ஆய்வின் முடிவல்ல, மூலப்பொருள்.

பெர்குசனின் நூலுக்குத் திரும்பினால், நிலைமை மேலும் சிக்கலாகிறது. அமராவதியையும் சாஞ்சியையும் வைத்து அவர் எழுப்பிய கோட்பாடு, மரமும் நாகமும் வணங்கியோர் ‘துரானிய’ இனத்தார் என்பது. இனத்தைக் கொண்டு கலையை விளக்கும் அந்தக் கட்டுமானம் இன்று எவராலும் ஏற்கப்படுவதில்லை. படங்களோ இன்றும் பயன்படுகின்றன. எழுத்து உதிர்ந்து படம் எஞ்சிய நூல் அது. ஆனால் இதனால் படங்கள் கள்ளமற்ற சான்றுகள் என்றாகிவிடாது. எந்தச் சிற்பம் பெரிதாக, எது சிறிதாக, எது எதனருகில் என்ற வரிசை அக்கோட்பாட்டின் தேவையிலிருந்து பிறந்தது.

இன்னொன்று, புகைப்படம் யாருக்குப் பேசும் உரிமையைத் தந்தது என்பது. பெர்குசன் அவுரி வணிகராக இந்தியாவில் வாழ்ந்து, 1840களில் ஊர் திரும்பியவர். 1876இல் தம் இந்தியக் கட்டடக்கலை வரலாற்றை வெளியிட்டபோது, தம்மிடம் 3000க்கும் மேற்பட்ட புகைப்படங்கள் இருப்பதையே தம் முடிவுகளுக்கு அரணாகக் காட்டினார். இதற்கு எதிரே நின்றவர் கல்கத்தாவின் ராஜேந்திரலால் மித்ரா. 1856இல் தொடங்கப்பட்ட வங்காளப் புகைப்படக் கழகத்தின் தொடக்ககால உறுப்பினர் அவர். மறு ஆண்டில், அவுரித் தோட்டக்காரர்களைக் கண்டித்து ஆற்றிய உரையின் காரணமாகக் கழகத்திலிருந்து விலக்கப்பட்டார். ஒரிசாவின் தொன்மைகளை நேரில் ஆய்ந்து இரு தொகுதிகளாக எழுதினார். இந்தியரின் கற்கட்டடக்கலை கிரேக்கரிடமிருந்து கற்றதன்று என வாதிட்டார். 1884இல் பெர்குசன் மித்ராவைத் தாக்குவதற்கென்றே ஒரு தனி நூல் எழுதினார். இந்தியரான ஒருவர் ஐரோப்பியருக்கு நீதி வழங்கலாமா என்ற இல்பர்ட் மசோதா விவாதத்தையும் அதில் இழுத்துக்கொண்டார். தொல்லியல் விவாதம் என்று சொல்லப்படுவதில் எவ்வளவு பகுதி தொல்லியல் என்ற ஐயம் அந்நூலைப் படிப்போருக்கு எழாமல் இராது. கட்டடத்தின் அருகில் வாழ்ந்தவரின் சொல்லைவிட, அதன் படத்தைத் தொலைவில் வைத்திருந்தவரின் சொல் மேலானதாகக் கொள்ளப்பட்ட காலம் அது. அப்படங்களை அச்சாக்கி ஊரெங்கும் அனுப்பிய தொழில்நுட்பத்துக்கு இதில் பங்கில்லை என்று கூற முடியாது.

1879இல் இந்திய அருங்காட்சியகம் கலைக்கப்பட்டது. அமராவதிக் கற்கள் அடுத்த ஆண்டு பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குச் சென்றன. கிரிக்ஸின் முழுக்கவனமும் பெக்கம் அச்சகத்துக்குத் திரும்பியது. 1884 முதல் அங்கிருந்து வெளிவந்த இந்தியக் கலை இதழே அவர் பெயரோடு அதிகம் இணைத்துப் பேசப்படுவது. லாகூர் கலைப்பள்ளியின் ஜான் லாக்வுட் கிப்ளிங் அதன் ஆசிரியர். இந்திய அரசின் ஆதரவும் இருந்தது. செப்புப்பாத்திரம், மரச்செதுக்கு, மட்பாண்டம், கம்பளம் எனக் கைத்தொழில்கள் இதழ்தோறும் வண்ணத்தில் வந்தன. சென்னைக் கலைப்பள்ளியின் தலைவராயிருந்த ஈ. பி. ஹேவல் சென்னை மாகாணத்தின் தொழில்களைப் பற்றி எழுதியதும் இதில்தான். இயந்திரத்தால் நலியும் கைத்தொழிலைக் காப்பதற்காக, அன்றைய அச்சுத்தொழிலின் மிகப் புதிய முறையில் அச்சான இதழ் இது. 1890 முதல் அவர் அச்சிட்ட ஸ்விண்டன் ஜேக்கப்பின் ஜெய்ப்பூர்க் கட்டடக்கலைத் தொகுப்பு, கட்டப்படாத தனித்தாள்களாக வெளியிடப்பட்டது. வேண்டிய தாளை உருவியெடுத்துக் கொத்தனாரும் தச்சரும் வேலைக்களத்தில் வைத்துப் பார்க்கலாம் என்பது அதன் ஏற்பாடு. மூல வரைபடங்களை வரைந்தவர்கள் ஜெய்ப்பூரின் இந்திய வரைவாளர்கள்.

1896–97இல் இரு பெருந்தொகுதிகளாக வந்த ஜான் கிரிஃபித்ஸின் அஜந்தா ஓவிய நூலும் கிரிக்ஸின் அச்சே. அஜந்தாவுக்கு முன்பே ஒரு கசப்பான வரலாறு இருந்தது. ராபர்ட் கில் பல்லாண்டுகள் குகையில் இருந்து எழுதிய பிரதிகளில் பெரும்பாலானவை 1866இல் லண்டன் பளிங்கு மாளிகைத் தீயில் அழிந்தன. பம்பாய்க் கலைப்பள்ளியின் கிரிஃபித்ஸ், தம் மாணவர்களோடு 1872 முதல் 1885 வரை மீண்டும் எழுதினார். அவற்றிலும் பல 1885இல் தென்கென்சிங்டனில் எரிந்தன. குகைச்சுவரோ ஈரத்தாலும் வௌவாலாலும், பாதுகாக்கவெனப் பூசப்பட்ட வார்னிஷாலும் கெட்டுக்கொண்டிருந்தது. இந்நிலையில் அச்சுப்படி என்பது கல்விக்கருவி மட்டுமன்று, காப்பீடும்கூட. ஆயினும் வாசகர் கையில் இருந்தது சுவர் அன்று. சுவரைப் பார்த்து மாணவர் எழுதிய எண்ணெய் வண்ணப் பிரதி, அப்பிரதியின் புகைப்படம், அப்புகைப்படத்தின் கல்லச்சு. மூன்று கைமாற்றங்களுக்குப் பின் வந்த கோடுகளைத்தான் அஜந்தாவின் கோடு என்று குகையைக் காணாத ஒரு தலைமுறை கற்றது.

நூற்றாண்டின் இறுதிக்குள் புள்ளிகளாகப் பிரித்து அச்சிடும் ஹாஃப்டோன் முறை பரவி, கல்லின் காலத்தை முடித்துவைத்தது. அம்முறை மலிவானது, விரைவானது. எழுத்தோடு சேர்த்தே ஒரே பக்கத்தில் அச்சிட முடிவது. கிரிக்ஸ் 1911 திசம்பரில் வொர்திங் நகரில் காலமானார். அவர் தொடங்கிய இதழ் மேலும் சில ஆண்டுகள் வந்து, முதல் உலகப்போரின் நடுவே நின்றுபோயிற்று. படத்தாள்களின் அடி விளிம்பில், பூதக்கண்ணாடி வைத்தாலன்றிக் கண்ணில் படாத அளவில், அவர் பெயர் அச்சாகியிருக்கிறது. நூலகப் பட்டியல்கள் பெரும்பாலும் அதைக் குறிப்பதில்லை. நூல்களைப் புதுக்கட்டுமானம் செய்யும்போது விளிம்பு சீவப்பட்டுப் பெயரே போய்விடுவதும் உண்டு.

அமராவதியில் தோண்டும் பணி பெர்குசனோடு முடியவில்லை. 1877இல் ராபர்ட் சுவெல்லும், 1881–82இல் ஜேம்ஸ் பர்ஜெஸும் மேலும் பல பலகைகளை வெளிக்கொணர்ந்தனர். அவை சென்னைக்கு வந்தன. ஒரே வேலியின் ஒரு பகுதி எழும்பூரிலும் மறுபகுதி புளூம்ஸ்பரியிலும் நிற்கின்றன. 1867இல் ஃபைஃப் மாளிகையில் ஒரே அளவில் எடுக்கப்பட்டு மேசைமீது பொருத்தப்பட்ட படங்களில், எழும்பூரில் உள்ள கற்கள் இல்லை. அவற்றுள் பல அப்போது இன்னும் மண்ணுக்குள் இருந்தன.